புறமுதுகு காட்டிய மணமகள்

டிவியில் மணமகள் உப்புக் குவியலின் மேல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள். எழுந்தாள். காமிராவுக்கு முதுகைக் காட்டியபடியே நடந்து தண்ணீருக்குள் இறங்கினாள். கழுத்தளவு வந்ததும் திரை இருண்டது.

"மறுபடி போடு" என்றார் பொலிக்செனி.

"இன்னொரு தடவை இறக்கினா அந்தப் பொண்ணுக்கு ஜன்னியே வந்துரும் மேடம்" என்றான் மில்தோஸ். சொல்லிக்கொண்டே காஸெட்டைப் பின்னுக்கு ஓட்டினான்.

பாத்ராஸ் துறைமுகத்துப் பக்கம், மீன் வலைக் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவர் பொலிக்செனி. ஐம்பது தாண்டியவர். சந்தேகம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். கண்ணாடி இல்லாமல்தான் தனக்கு நன்றாகத் தெரியும் என்பார். மில்தோஸ் அவருடைய உதவியாளன். அவனிடம் இரண்டு விஷயம் ஊருக்கே தெரியும். ஒன்று, அடங்காத வாய். இன்னொன்று, அயர்ன் மடிப்பு கலையாத பேன்ட். இருவரும் வெள்ளிக்கிழமை காலையில் லெஃப்காதா தீவுக்கு வந்து, காயலைப் பார்த்த ஒரு ஹோட்டல் அறையில் இந்த ஒரே காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கழுத்துத் துணியின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தவன் அல்கிஸ். ஏதென்ஸிலிருந்து வந்த ஆவணப்பட இயக்குநர். இவர்களைக் கூப்பிட்டவன் அவன்தான்.

'உப்பளத்து மணமகள்' என்ற படத்தைத் தெரியாத கிரேக்கர் கிடையாது. அறுபத்தெட்டில், ராணுவ ஆட்சி நாட்டின் கழுத்தில் கால் வைத்திருந்த நேரத்தில், இதே தீவின் உப்பளத்தில் எடுத்த படம். கடைசி இருபது நிமிடம் கதாநாயகி முகத்தையே காட்டமாட்டாள். வெறும் முதுகு. அந்த முதுகுக்கு வெளிநாட்டில் பரிசு கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் ஒருவர் அதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். எழுபத்து நாலில் ஆட்சி கவிழ்ந்ததும் இயக்குநர் அவ்கெரிஸைப் பிடித்து ஏன் முகத்தைக் காட்டவில்லை என்று கேட்டார்கள். "வாய் கட்டப்பட்ட நாட்டுக்கு முகம் எதற்கு?" என்று அவர் பதில் சொன்னார். அந்த வாசகம் பள்ளிப் புத்தகத்தில் ஏறிவிட்டது. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

படத்தைவிடப் படம் எடுத்த கதை பெரிசு என்பதால்தான் அல்கிஸ் அதை ஆவணப்படமாக எடுக்க வந்தான். மழையில் உப்பளம் மூழ்கியது. கதாநாயகன் கழுதையிலிருந்து விழுந்து தோள்பட்டையை முறித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். உப்புக் காற்றில் காமிராவின் பல்சக்கரம் துருப்பிடித்தது. கையிருப்பு தீர்ந்து ஆட்கள் ஒவ்வொருவராய்க் கழன்று, கடைசியில் விரல்விட்டு எண்ணும்படிதான் மிச்சமிருந்தார்கள். இத்தனைக்கும் மேல் கதாநாயகி இஸ்மினி அரசுக்கு எதிரானவள் என்று போலீஸ் அவளையே சுற்றிக்கொண்டிருந்தது. அவளோ கடைசி ஷாட்டில் கடலுக்குள் நடந்தவள் அப்படியே நீந்தி, காத்திருந்த படகில் ஏறி இத்தாலிக்குத் தப்பிவிட்டாள். காமிரா ஓடிக்கொண்டிருந்தபோதே தப்பியவள் என்று நாடே மெய்சிலிர்த்தது. ஞாயிற்றுக்கிழமை இந்த ஊர்க் கடற்கரையில் கலாசார மந்திரி வந்து அந்த முதுகுக்கு வெண்கலச் சிலை திறக்கப் போகிறார். அல்கிஸின் படம் அந்தத் திறப்பு விழாவோடு முடிய வேண்டும்.

அங்கேதான் இடித்தது. பிரிந்திஸியில் பழைய பேப்பர் கட்டு ஒன்றைப் புரட்டியபோது அவன் கையில் ஒரு போட்டோ சிக்கியது. அந்த இத்தாலியத் துறைமுகத்தில் இஸ்மினி ஐஸ்கிரீம் சாப்பிடுகிறாள். பேப்பரின் தேதி அக்டோபர் பதினொன்று. கடைசிக் காட்சியின் கிளாப் பலகையில் சாக்பீஸால் எழுதியிருப்பது அக்டோபர் பதினாலு.

"ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு, மறந்துபோய்ட்டேன்னு திரும்பி வந்து தப்பிச்சிருப்பாளோ?" என்று மில்தோஸ் கேட்டான். அல்கிஸ் சிரிக்கவில்லை. இஸ்மினி பதினைந்து வருஷத்துக்கு முன் ஸ்டாக்ஹோமில் இறந்துவிட்டாள். அவளிடம் கேட்க வழியில்லை. அந்த முதுகு வேறு பெண்ணுடையதென்றால் அந்தப் பெண் யார் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்தாக வேண்டும் என்றான். படப்பிடிப்பில் இஸ்மினியைத் தவிர இருந்தது ஒரே ஒரு பெண், உடைகளைப் பார்த்துக்கொண்ட ஃபோதினி. குழு போட்டோவில் அவளுடைய தலை இஸ்மினியின் முழங்கைக்குத்தான் எட்டியது. குறுக்களவோ நேர்மாறு.

"அது அவ இல்ல" என்றார் பொலிக்செனி. "அந்த டிரெஸ்ஸுக்குள்ள அவளை அடைச்சா டிரெஸ்தான் தப்பிச்சு இத்தாலிக்குப் போயிருக்கும்."

மில்தோஸ் கொஞ்சம் பொறாமையோடு அவரைப் பார்த்தான். அது தன் வாயில் வந்திருக்க வேண்டிய வார்த்தை என்று அவனுக்குத் தோன்றியது. நின்று நின்று கால் வலிக்க, ஜன்னலோர நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

பொலிக்செனி கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுந்திரு."

"ஏன் மேடம்?"

"எழுந்து மறுபடி உட்காரு."

அவன் எழுந்து உட்கார்ந்தான். மறுபடியும் அதையே செய்யச் சொன்னார். பாத்ராஸில் புதிதாகத் தைத்த சாம்பல் நிற பேன்ட் அது. முட்டி இடத்தில் மடிப்புக் கலையக்கூடாதே என்று, உட்காரும்போதெல்லாம் தொடைத் துணியை இரண்டு கையாலும் கிள்ளிச் சற்றே மேலே இழுத்துக்கொண்டான். அவனுக்கே தெரியாமல் வந்துவிட்ட பழக்கம்.

பொலிக்செனி டிவியைக் காட்டினார். உப்புக் குவியலின் மேல் உட்காரப்போகிற மணமகள், இரண்டு கையாலும் முட்டிக்கு மேலே வெள்ளைத் துணியைக் கிள்ளிச் சற்றே தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தன் துக்கத்தைத் தானே தூக்கிக்கொள்ளும் சைகை, பிரெஞ்சுப் புத்தகத்தில் பதினோரு பக்கம்" என்று அல்கிஸ் முணுமுணுத்தான்.

"பாவாடை கட்டுறவ உட்காரும்போது பின்பக்கம் தடவிக்கிட்டு உட்காருவா. முட்டியைக் கிள்ளுறது பேன்ட் போட்டுப் பழகினவன்" என்றார் பொலிக்செனி. "நீங்க பொம்பளையைத் தேடச் சொன்னீங்க. அதான் கிடைக்கல. அது ஆம்பளை."

 பிறகு பொலிக்செனி இன்னொரு இடத்தில் காஸெட்டை நிறுத்தச் சொன்னார். மணமகள் கடலைப் பார்த்து நிற்கிறாள். கால்கள் தோள் அகலத்துக்கு விரிந்திருக்கின்றன. கைகள் முதுகுக்குப் பின்னால், ஒன்றின் உள்ளங்கையில் இன்னொன்றின் புறங்கை. விலங்கு மாட்டப்பட்ட நாட்டின் படிமம் என்றான் அல்கிஸ், குரல் தேய்ந்துபோய்.

"படிமம் எல்லாம் இல்ல சார். ஸ்டாண்ட் அட் ஈஸ்" என்றான் மில்தோஸ். அவன் ராணுவத்தில் கட்டாய சேவை முடித்தவன். "இப்படி நிக்கலேன்னா எங்க சார்ஜென்ட் முட்டிக்குப் பின்னால உதைப்பான்."

மூவரும் குழு போட்டோவுக்கு வந்தார்கள். இஸ்மினியின் உயரமுள்ள ஆண் யார்? இயக்குநர் குள்ளம், தொப்பை. கதாநாயகன் இஸ்மினி பக்கத்தில் நிற்கப் பெட்டி மேல் ஏறியவன், அவனும் தோள் முறிந்து போய்விட்டான். ஒளிப்பதிவாளர் காமிராவுக்குப் பின்னால் இருந்தாக வேண்டும். மிஞ்சியது ஓரத்தில் நின்றிருந்த ஒல்லியான, நெட்டையான இளைஞன். வண்டி ஓட்டுபவன். பெயர் ஸ்டமாதிஸ்.

அந்தப் பெயரைக் கேட்டதும் அல்கிஸின் முகம் கசந்தது. இது மட்டும் இருக்கவே முடியாது என்றான். ஸ்டமாதிஸ் டிரைவரே இல்லை. ரிவர்ஸ் கியர் போடத் தெரியாத டிரைவர் என்று முதல் நாளே எல்லோருக்கும் விளங்கிவிட்டதாம். பாதுகாப்புப் போலீஸில் சார்ஜென்ட். இதே ஊர்க்காரன் என்பதால் இஸ்மினியை உளவு பார்க்க அனுப்பப்பட்டவன். ஆட்சி கவிழ்ந்த வாரமே அவ்கெரிஸ் பத்திரிகையில் அவன் பெயரைப் போட்டு உடைத்தார். ஆவணப்படத்திலும் அவன் போட்டோவை வைத்து 'வேட்டை நாய்' என்று வர்ணனை எழுதி, பின்னணி இசையும் சேர்த்தாகிவிட்டது.

"ஆள் உயிரோட இருக்காரா?" என்று பொலிக்செனி கேட்டார்.

இருக்கிறான், இங்கேதான் இருக்கிறான், யாருடனும் பேசுவதில்லை, தன்னிடமும் பேச மறுத்துவிட்டான் என்றான் அல்கிஸ். பொலிக்செனி கைப்பையை எடுத்துக்கொண்டார்.

---

வழி கேட்கக் கடைத்தெருக் காபிக்கடையில் நின்றார்கள். கடைக்காரர் வழியைச் சொன்னார். பெயரை மட்டும் வாயால் சொல்லவில்லை. அந்த ஆள் என்றார். அவன் இங்கே வருவதுண்டா என்று கேட்டதற்கு, கக்கூஸ் கதவோரம் தனியாகக் கிடந்த நாற்காலியை மோவாயால் காட்டினார். ஆட்சி கவிழ்ந்ததிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காருவதில்லையாம்.

மூடிப்போன உப்பளத்தை ஒட்டிப் போகிற செம்மண் பாதையில் மில்தோஸ் வாய் திறக்கவில்லை. பொலிக்செனிக்குக் காரணம் தெரியும். அவனுடைய தாய்மாமா அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். அந்த ஆட்சியில் யாரோ ஒருத்தன் எழுதிக்கொடுத்த நாலு வரியால் உள்ளே போனார். உள்ளங்காலில் அடித்தே அனுப்பினார்கள். சாகும்வரை அவரால் மூடின ஷூ போட முடியவில்லை. கல்யாணமோ சாவோ, எங்கு போனாலும் வீட்டுச் செருப்புதான்.

"வண்டியிலேயே இருக்கியா?" என்று பொலிக்செனி கேட்டார்.

"வரேன் மேடம். ஆனா அங்க எதையும் குடிக்க மாட்டேன்."

தகரம் அடித்த சுவர், மீன்பிடிப் படகு மோட்டார்கள் பிரித்துப் போட்ட முற்றம். ஐம்பத்து நாலு, ஐந்து வயது மதிக்கத்தக்க நெட்டையான மனிதர் கையில் கிரீஸோடு நிமிர்ந்தார். கை முழுக்கக் கறுப்பு. ஆனால் பேன்டில் மடிப்பு கத்தி மாதிரி இருந்தது. பொலிக்செனி யார், எதற்காக வந்திருக்கிறார் என்று சொன்னதும் அவர் முகம் மூடிக்கொண்டது. சொல்ல ஒன்றுமில்லை என்றார். பொலிக்செனி, எனக்கும் கேட்க ஒன்றுமில்லை, சொல்லத்தான் வந்தேன் என்றார். அது மரியாதைக்கு உரிய பதிலாகப் பட்டிருக்க வேண்டும். அவர் இரண்டு நாற்காலி போட்டு, தானும் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். உட்காருமுன் தொடைத் துணியை இரண்டு கையாலும் கிள்ளி மேலே இழுத்துக்கொண்டார்.

மில்தோஸ் பொலிக்செனியைப் பார்த்தான். அவர் அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் உட்காருகிறார்கள், கோர்ட்டில் நிற்காது.

நல்ல செய்தி என்று ஆரம்பித்தார் பொலிக்செனி. ஆவணப்படத்துக்காக எல்லாவற்றையும் விசாரித்ததில், கடைசிக் காட்சியில் நடித்தது இஸ்மினி இல்லை என்று தெரிந்துவிட்டதாம். அது உடைக்காரி ஃபோதினியாம். மெல்போர்னிலிருந்து அவளை வரவழைத்திருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை மந்திரிக்குப் பக்கத்து நாற்காலி அவளுக்குத்தானாம். வெறுங்காலோடு உப்பில் நடந்தேன், பாதமெல்லாம் கிழிந்து ரத்தம் வந்தது, ஆனாலும் ஒரே ஷாட்டில் முடித்தேன் என்று பேட்டி கொடுத்திருக்கிறாளாம்.

ஸ்டமாதிஸ் ஒரு ஸ்பேனரை எடுத்தார். துடைத்தார். கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

"ஃபோதினியா?"

"அவங்களேதான்."

"அவ நடந்தா வாத்து நடக்கிற மாதிரி இருக்கும்."

"அந்த நடையைப் பத்தித்தான் பிரெஞ்சுக்காரர் புத்தகம் எழுதியிருக்கார்" என்றார் பொலிக்செனி, பெருமூச்சோடு. "என்னமோ, மேதைங்களுக்குத்தான் அது தெரியும் போல."

"வெறுங்காலாவது ஒண்ணாவது" என்றார் அவர். குரல் முற்றத்துக்கு வெளியே கேட்டிருக்கும். "உள்ள போட்டிருந்தது என் பூட்ஸு. நாப்பத்தி நாலாம் நம்பர். ஒரே ஷாட்டாம். ஏழு தடவை நடந்தேன் நான். ஏழாவது தடவைதான் அவ்கெரிஸ் சரின்னான்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்குப் புரிந்தது. இருபத்திரண்டு வருஷம் ஊர் துப்பியதைத் துடைத்துக்கொண்டு இருந்தவர், தன் நடையை இன்னொருத்தி எடுத்துக்கொள்வதை மட்டும் பொறுக்க முடியாமல் மாட்டிக்கொண்டார். மில்தோஸுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததற்காக தன்மேலேயே அவனுக்குக் கோபமும் வந்தது.

அதன்பிறகு அவர் தாமாகவே சொன்னார். படக்குழுவில் மிச்சமிருந்தவர்கள் ஒருநாள் விருந்து வைத்து அவருக்கு ஊஸோ சாராயத்தை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மறுநாள் உச்சிவேளைக்குக் கண் விழித்துப் போய்ப் பார்த்தால், இஸ்மினியின் கட்டிலில் போர்வைக்குக் கீழே தலையணை. தலையணைக்கு மாட்டியிருந்தது அவருடைய சொந்தத் தொப்பி. ஒரு போன் செய்திருந்தால் போதும். கடற்படைப் படகு பாதி வழியில் அவளைப் பிடித்திருக்கும். போன் செய்தால் நீ ஏன் தூங்கினாய் என்று முதலில் கேட்பார்கள். ராணுவக் கோர்ட். அவர் போனைத் தொடவில்லை.

அவ்கெரிஸுக்கும் அதே நிலைமைதான். கதாநாயகி இல்லையென்றால் படம் செத்தது. போலீஸ்காரனுக்கு அறிக்கையில் காட்ட ஒரு கதாநாயகி வேண்டும், இயக்குநருக்குப் படத்தில் காட்ட ஒரு கதாநாயகி வேண்டும். இரண்டு பயந்தாங்கொள்ளிகள் உப்புக் கிடங்குக்குள் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஃபோதினி அவருக்கு மணமகள் கவுனைப் போட்டுக் கொக்கி மாட்டிவிட்டாள். ஒளிப்பதிவாளர் சிலுவை போட்டுக்கொண்டு காமிராவைத் திருகினார்.

"கோட்டைச் சுவர்மேல நின்னு எங்க கேப்டன் பைனாகுலர்ல பார்ப்பார்" என்றார் ஸ்டமாதிஸ். "சாயங்காலம் கூப்பிட்டுக் கேட்டார். அவ தெரியுறா, நீ எங்கடா தெரியவே இல்லன்னு. அதுதானே சார் என் வேலைன்னு சொன்னேன். மறைஞ்சிருந்து கண்காணிச்சதுக்காகப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தாங்க."

பொலிக்செனி வாய்விட்டுச் சிரித்தார். அவரும் பாதி சிரித்தார்.

கடைசி நாள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, மூச்சைப் பிடித்து முங்கி, நாணல் புதருக்குப் பின்னால் கரையேறியிருக்கிறார். கண்காணிக்கப்பட்டவள் கடலில் இறங்கினாள், வெளியே வரவில்லை, படகு ஒன்று காத்திருந்தது என்று அறிக்கை கொடுத்தார். காமிரா ஓடும்போதே தப்பியவள் என்று நாடே மெய்சிலிர்த்த கதையின் ஆசிரியர் இந்த உளவாளிதான். இத்தாலியில் இஸ்மினி அந்தக் கதையைக் கேட்டாள்; மறுக்கவில்லை. அவ்கெரிஸும் மறுக்கவில்லை. எல்லோருக்கும் வசதியான பொய்யாக இருந்தது. ஸ்டமாதிஸால் மட்டும் உண்மையைச் சொல்ல முடியவில்லை. காபிக்கடையில் உளவாளியாக உட்காரலாம், கல்யாண கவுன் போட்ட போலீஸ்காரனாக உட்கார முடியாது என்றார்.

ஆனாலும் படம் எந்த ஊரில் ஓடினாலும் போய்ப் பார்த்திருக்கிறார். கடைசி வரிசையில்.

மில்தோஸ் இப்போது கேட்டான்.

"நீங்க யாரையாவது அடிச்சிருக்கீங்களா?"

ஸ்டமாதிஸ் அவனை நிதானமாகப் பார்த்தார். "இல்ல தம்பி. நான் எழுதினேன். யார் பேரை எழுதினேனோ அவங்களை வேற ஆளுங்க அடிச்சாங்க."

"இந்த ஊர்ல?"

"இந்த ஊர்லதான். பதினோரு பேர்."

அவர் அதைக் குறைத்துச் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை. மில்தோஸ் எழுந்து வேலியோரம் போய் நின்றுகொண்டான்.

கிளம்பும்போது பொலிக்செனி உண்மையைச் சொன்னார். ஃபோதினி யாரிடமும் எதையும் சொல்லவில்லை. மெல்போர்னில் நிம்மதியாக இறந்து எட்டு வருஷமாகிறது. ஸ்டமாதிஸ் கோபப்படவில்லை. அவள் நல்ல பொம்பளை, கொக்கி மாட்டும்போது அவள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம், நீங்கள் போன் செய்யாததால்தான் இஸ்மினி பிழைத்தாள் என்று பொலிக்செனி சொன்னபோது, அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"அப்படிப் போட்டுறாதீங்கம்மா. நான் அவளைக் காப்பாத்தல. என்னைத்தான் காப்பாத்திக்கிட்டேன். நீங்க அப்படிப் போட்டா நாளைக்கு எவனாவது வந்து கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்குவான். துப்பினா எப்படித் துடைக்கணும்னு எனக்குத் தெரியும். ஒத்திக்கிட்டா என்ன பண்ணணும்னு தெரியாது."

---

அல்கிஸ் முழுவதையும் கேட்டான். பிறகு ஹோட்டல் பால்கனியில் இப்படியும் அப்படியும் நடந்தான். கடற்கரையில் நீலத் துணி போர்த்திய சிலை தெரிந்தது. சிற்பி அந்தப் படத்தின் ஒரு ஃபிரேமைப் பெரிதாக்கி, அங்குலம் பிசகாமல் வடித்ததாக மேயர் ஊரெல்லாம் பெருமை பேசியிருந்தார்.

"அப்போ அந்தத் துணிக்குக் கீழ இருக்கறது..." என்றான் அல்கிஸ்.

"பாதுகாப்புப் போலீஸ் சார்ஜென்ட்" என்றான் மில்தோஸ். "அசல் வெண்கலத்துல. அந்த ஆட்சிக்காரங்ககூட அவனுக்குச் சிலை வைக்கல சார்."

அல்கிஸ் உட்கார்ந்துவிட்டான். இதை வெளியிட்டால் மேயர் தூக்கில் தொங்குவார், மந்திரி விமானம் ஏறிவிடுவார், அவ்கெரிஸின் பெயர் நாறும், இஸ்மினியின் கதை பொய்யாகும், தொலைக்காட்சிக்காரர்கள் தன் படத்தைத் தூக்கிக் கடாசுவார்கள் என்று வரிசையாகச் சொன்னான். இரண்டு வருஷ உழைப்பு. விழா முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றான். அந்த 'அப்புறம்' எப்போதும் வராது என்று மூன்று பேருக்குமே தெரிந்தது.

"என் வேலை கண்டுபிடிக்கிறது" என்றார் பொலிக்செனி. "தொலைக்கிறதுக்கு வேற ஆளைப் பாருங்க."

---

ஞாயிற்றுக்கிழமை வெயில் சுள்ளென்று இருந்தது. பேண்டு வாத்தியம் வாசித்தது. மந்திரி, நகரசபைக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், காபிக்கடையைப் பூட்டிவிட்டு வந்த கடைக்காரர் என்று ஊரே கூடியிருந்தது. அல்கிஸ் தன் ஒளிப்பதிவாளரோடு முன்வரிசைக்குப் பக்கத்தில் நின்றான். பாத்ராஸுக்குத் திரும்பியிருக்க வேண்டிய பொலிக்செனியும் மில்தோஸும் ஏனோ திரும்பவில்லை. காரில் ஏதோ சத்தம் வருகிறது என்று பொலிக்செனி சொன்னார். எந்தச் சத்தமும் வரவில்லை.

மேயர் பேசினார். அடக்குமுறைக்கு முதுகைக் காட்டிய வீரப் பெண் என்றார். மந்திரி கயிற்றை இழுத்தார். நீலத் துணி சரிந்தது.

வெண்கல மணமகள் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடலைப் பார்த்து நின்றாள். கால்கள் தோள் அகலத்துக்கு விரிந்து, கைகள் பின்னால் கோத்து, இடது தோள் கொஞ்சம் சரிந்து.

அப்போது கூட்டத்தின் ஒரு பக்கம் விலகியது. வழிவிட்டு விலகியதல்ல, பட்டுவிடக்கூடாது என்று ஒதுங்கியது. அந்த இடைவெளி வழியாக ஸ்டமாதிஸ் வந்தார். கறுப்பு கோட்டு, முகச்சவரம், கையில் கிரீஸ் இல்லை. யாரையும் பார்க்காமல் நேராகப் போய், சிலைக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்து நின்றார். கால்களை விரித்தார். கைகளைப் பின்னால் கோத்தார். இடது தோள் தானாகச் சரிந்தது.

ஊர் இரண்டு முதுகையும் பார்த்தது. ஒன்று வெண்கலம், ஒன்று கறுப்புத் துணி. மற்றபடி ஒன்றுதான்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் ஒரு மூலையில் ஒரு பெண்மணி மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. காபிக்கடைக்காரரின் வாய் திறந்தபடியே நின்றது. மேயர் முகம் வெளிறி, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவரிடம் பேசினார்.

"ஸ்டமாதிஸ், அங்க என்னய்யா பண்றே? திரும்பு இந்தப் பக்கம்."

ஸ்டமாதிஸ் அசையவில்லை. "திரும்பக்கூடாதுன்னு டைரக்டர் சொல்லியிருக்காரு" என்றார்.

ஒளிப்பதிவாளர் அல்கிஸைப் பார்த்தான், நிறுத்தவா என்பதுபோல. அல்கிஸின் கை கழுத்துத் துணியில் இருந்தது. வெகுநேரம் அப்படியே இருந்தது. பிறகு இல்லையென்று தலையை ஆட்டினான்.

ஏதென்ஸிலிருந்து வந்த மந்திரிக்கு உள்ளூர்ச் சங்கதி எதுவும் தெரியாது. இது விழாவின் ஒரு பகுதி, ஏதோ நவீன நாடகம் என்று நினைத்துக்கொண்டார். ரசித்தவர் கைதட்டினார். மந்திரி தட்டினால் நகரசபை தட்ட வேண்டும். நகரசபை தட்டினால் பள்ளிப் பிள்ளைகள் தட்டுவார்கள். ஒரு நிமிடத்தில் கடற்கரை முழுக்கக் கைதட்டல் எழுந்தது, முகம் சுளித்துக்கொண்டே தட்டியவர்கள் உட்பட.

பொலிக்செனியும் தட்டினார். மில்தோஸ் இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் ஆழமாக விட்டுக்கொண்டான். கண்ணெதிரே மாமாவின் வீட்டுச் செருப்பு வந்துபோனது.

"நீங்களுமா மேடம்?"

"நடிப்புக்குத் தட்டுறேன். மத்ததுக்குத் தட்டணும்னா அவர் திரும்பி நிக்கணும்."

அவர் சொன்னது அந்த இரைச்சலில் ஸ்டமாதிஸின் காதில் விழுந்திருக்க வழியில்லை. கைதட்டல் ஓயத் தொடங்கியபோது, அவர் கைகளைப் பிரித்தார். மெல்ல, ஒரு காலை ஊன்றி, அணிவகுப்பில் திரும்புவது போலில்லாமல் சாதாரண மனிதன் திரும்புவது போல, ஊரைப் பார்த்துத் திரும்பினார்.

முகத்தைப் பார்த்ததும் மிச்சமிருந்த கைதட்டலும் நின்றுவிட்டது. கடைசியில் தட்டிக்கொண்டிருந்த மந்திரி சுற்றும் முற்றும் பார்த்து, கையைக் கீழே போட்டார். படகு ஒன்றின் கயிறு கம்பத்தில் உரசுகிற சத்தம் கேட்டது. முன்வரிசையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் ஸ்டமாதிஸையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டமாதிஸும் அவரைத்தான் பார்த்தார். பதினோரு பேரில் அவர் ஒருவர் என்று மில்தோஸுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஸ்டமாதிஸுக்கு மைக் தேவைப்படவில்லை.

"எழுதினது நான்தான்" என்றார். "நடந்ததும் நான்தான்."